வளப்பூர் நாட்டுக்கு வராத பட்டன்

ஒரு பட்டனை எப்படி அமுக்குவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் நான் கொல்லிமலைக்குப் போனேன். கேட்டால் சிரிப்பீர்கள். என் தொழிலில் இப்படியும் வேலை வரும். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். எந்த எழுத்து எங்கே வரவேண்டும், படம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், விரல் படவேண்டிய பட்டன் எந்த இடத்தில் என்பதையெல்லாம் முடிவு செய்கிறவள். நான் வரைந்ததை ஓடவைக்கிறவன் தினேஷ். அவன் எழுதுகிற புரோகிராம் எனக்குப் புரியாது, நான் வரைகிற படம் அவனுக்குப் பிடிக்காது. ஐந்து வருஷமாக இப்படித்தான் ஒற்றுமையாக இருக்கிறோம்.

மலையடிவாரத்தில், சேந்தமங்கலத்துப் பக்கம் பலாச்சுளையைப் பதப்படுத்துகிற ஆலை ஒன்றுக்கு ஒரு செயலி செய்து கொடுத்திருந்தோம். மலைமேல் இருக்கிறவர்கள் காய் முத்தியதும் எத்தனை பழம் என்று போட்டு, 'பழம் தயார்' என்ற பட்டனை அமுக்கினால் போதும். வெள்ளிக்கிழமை ஆலையின் லாரி அந்த ஊருக்கு வந்து ஏற்றிக்கொண்டு போகும். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. திருப்புலி நாட்டிலிருந்து வாராவாரம் அமுக்கினார்கள். வளப்பூர் நாட்டில் ஒரு ஊரிலிருந்து மட்டும், செயலி வந்து மூன்று வாரம் ஆகியும், ஒருத்தர்கூட அமுக்கவில்லை.

ஆலையில் லாரிக்குப் பொறுப்பாளர் பழனிவேல் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க மேடம், அந்த ஊர்க்காரங்களுக்கு இதுல இஷ்டம் இல்லை போலிருக்குதுங்க. வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மீதி சீசனுக்கு ரூட்டு முடிவு பண்றோம். அதுக்குள்ள மூணு ஊடாச்சும் அமுத்தோணும். இல்லீன்னா அந்த ஸ்டாப்பை எடுத்துருவேனுங்க. சும்மா அத்தனை தூரம் லாரியச் சுத்த உட முடியாதுங்க."

எங்கள் முதலாளி இதைக் கேட்டுவிட்டு, "போய் டிரெயினிங் குடுத்துட்டு வா" என்றார். செயலியின் திரையை வண்ணத்தில் அச்சடித்து, பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட ஐந்து அட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை சேந்தமங்கலத்தில் பஸ் ஏறினேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. எங்கள் பக்கம் மேடு என்றால் உப்பளத்தில் குவித்து வைத்த உப்புதான். பஸ் ஏறி உட்கார்ந்ததும் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். டிக்கெட் கொடுப்பதற்கு முன்னாலேயே, "கவர் வேணுமுங்களா?" என்றார். எதற்கு என்று விறைப்பாகக் கேட்டேன். "சும்மா கையில வச்சுக்குங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். வளைவுகளுக்கு எண் எழுதி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாவது வளைவில் அந்தக் கவர் தேவைப்பட்டது. முப்பத்து நான்கில் பக்கத்து சீட் அம்மாள் தன் கவரையும் கொடுத்தார். அதற்கப்புறம் நான் எண்ணவில்லை.

மலைமேல் பஸ் போய் நின்ற செம்மேட்டில், லாட்ஜ் அறையில் பையைப் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் ரசமும் வாங்கினேன். ரசத்தில் மிளகு சுள்ளென்று ஏறியது. இங்கே விளைகிற மிளகை இங்கேயே அள்ளிப் போடுகிறார்கள். சென்னையில் என் சமையலறை டப்பாவில் இருப்பது என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது. மூன்றாவது டம்ளர் கேட்டபோது கடைக்காரர், "வயிறு காலியாயிருச்சுங்களா?" என்றார். பஸ்ஸில் வந்தவர்களை முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வளப்பூர் நாட்டுப் பக்கம் போகிற பஸ். பாதியில் ஒருவர் மூன்று பலாப்பழத்தோடு ஏறப் பார்த்தார். கண்டக்டர் படியிலேயே மறித்தார்.

"ஆளுக்கு ஒண்ணுதாங்க. போன வாரம் உங்க பழம் உருண்டு டீச்சரம்மா காலு வீங்கிப்போச்சு."

"மீதி ரெண்ட என்ன பண்றதுங்க, தலையிலயா வச்சுக்கறது?"

"என்னமோ பண்ணுங்க. பஸ்ஸு ஆள் போறதுக்கு."

அவர் ஒன்றோடு ஏறினார். மற்ற இரண்டும் ரோட்டோரத்திலேயே கிடந்தன. லாரி நிறுத்தம் என்பதற்கு இங்கே என்ன பொருள் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

பழனிவேல் எனக்கு ஒரு பெயரும் நம்பரும் கொடுத்திருந்தார்: குப்பாயி. காலையிலிருந்து நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை. 'இஷ்டம் இல்லை' என்பது சரிதான் போல என்று மனத்துக்குள் சலித்துக்கொண்டேன். பஸ் என்னை அந்த ஊருக்குப் பிரிகிற வளைவில் இறக்கிவிட்டுப் போனது. ஆள் நடமாட்டம் இல்லை. ஐந்தாவது தடவை அடித்தேன். என் தலைக்கு மேலே ஒரு போன் மணி அடித்தது.

நிமிர்ந்து பார்த்தேன். உயரமான ஒரு சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக் கொடி. கொடியை விலக்கி அடித்த ஆணிகளில் ஐந்து போன்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றும் ஜவுளிக்கடைக் கவருக்குள். அதில் ஒன்று மினுமினுத்துக்கொண்டு கத்தியது. ரோட்டில் மாட்டை ஓட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று, மேட்டைப் பார்த்து, "குப்பாயீ! உம்பட போனு!" என்று ஒரு சத்தம் போட்டார். போட்டுவிட்டு, வேலை முடிந்தது என்பதுபோல நடந்துவிட்டார்.

குப்பாயி மேட்டிலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு கையிலும் பலாப்பால் கறுப்பாக ஒட்டியிருந்தது, எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆணியில் தொங்கிய போனை எடுக்கவில்லை. கையை உயர்த்தி, கவருக்கு மேலேயே விரல் நுனியால் ஒரு குத்துக் குத்தி, "யாருங்க?" என்று மரத்தைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற நான், "நாந்தாங்க, இங்கதான் நிக்கறேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

டவர் அந்த மரத்தடியில் மட்டும்தான் கிடைக்கிறது. அதனால் பகலில் போன்கள் அங்கேயே இருக்கும். யாருக்கு மணி அடித்தாலும் அந்த வழியாகப் போகிறவர் கூப்பிடவேண்டும் என்பது ஊர் வழக்கம். கவர் எதற்கு என்றால் பனிக்கும் பலாப்பாலுக்கும். உயரத்தில் மாட்டியது எதற்கு என்றால் ஆட்டுக்கு. "கவரோட மென்னுருமுங்க" என்றார். யாராவது எடுத்துப் போய்விட்டால் என்று கேட்டேன். "எடுத்துட்டுப் போயி? டவருக்கு இங்கதான வரோணும்!"

எல்லாம் சரி, வந்த வேலையைப் பார்ப்போம் என்று அட்டையை எடுத்தேன். மேலே ஒரு பலாப்பழப் படம். அதன்கீழ் வணக்கம் சொல்லும் வரி. அதன்கீழ் எத்தனை பழம் என்று போடுகிற கட்டம். கடைசியில் பச்சை நிறத்தில் 'பழம் தயார்' பட்டன். "அக்கா, எண்ணிக்கையைப் போட்டுட்டு இந்தப் பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான், ரொம்ப சுலபம்" என்றேன், பள்ளிக்கூடத்து டீச்சர் குரலில்.

குப்பாயி அட்டையை ஆர்வமாகப் பார்த்தார். "ஆமாங்க அம்மிணி. இந்தப் பட்டன்தான் எங்களுக்கு இன்னும் வரலீங்க."

"வரலையா? பட்டன் வர்றது இல்லக்கா, அது அங்கேயே இருக்கும்."

"திருப்புலி நாட்டுல இருக்குதாமுங்க. எங்க அக்கா அங்கதான் வாக்கப்பட்டிருக்குது, அவங்க ஊட்டு போன்ல பாத்துட்டு வந்தேன். நல்லா பச்சையா இருந்துச்சு. எங்களுக்கு வாரப்ப வரும்னு இருக்கோமுங்க."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவேண்டியதில்லை. மலையேறி, இரண்டு கவர் நிறைத்து வந்தவளுக்கு இது தேவையா என்று தோன்றியது. என் போனைத் திறந்து செயலியைக் காட்டி, "பாருங்க, இதோ இருக்கு, எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றேன். என்னுடையது உள்ளங்கையில் அடங்காத பெரிய போன். "உங்குளுதுல இருக்குதுங்க" என்று அவர் பொறுமையாக ஒத்துக்கொண்டார். "எங்குளுதுல வரலை. நீங்களே பாருங்க."

மரத்தில் தொங்கிய போனில் செயலியைத் திறந்தார். நான் எட்டிப் பார்த்தேன். பழைய மாடல், என் போனில் பாதிதான் இருக்கும். கைக்கெட்டுகிற தூரத்தில் நின்று அண்ணாந்து படிக்கவேண்டும் என்பதால், எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருந்தார்கள். என் பலாப்பழப் படம் பாதித் திரையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வரியில் முடியவேண்டிய வணக்கம் நான்கு வரியாகத் தொங்கியது. கீழே எண்ணிக்கைக் கட்டம். அதற்கப்புறம் ஒரு வெள்ளை இடைவெளி. திரை முடிந்துவிட்டது. பட்டன் இல்லை.

பட்டன் இருந்தது. அந்த வெள்ளைக்குக் கீழே, திரைக்கு வெளியே இருந்தது. விரலால் மேலே தள்ளினால் வரும். நான் தள்ளினேன். கவர் சுருங்கியது, போன் ஊஞ்சல்போல ஆடிவிட்டு வந்து நின்றது, திரை அசையவில்லை. கவருக்கு மேலே குத்தினால் கேட்கிறது, தடவினால் கேட்கமாட்டேன் என்கிறது. இந்த ஊரில் யாரும் போனைத் தடவியதே இல்லை. குத்திக் குத்தியே எல்லாக் காரியமும் நடந்திருக்கிறது. கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்ல ஒரு பாதி எழுத்துகூட எட்டிப் பார்க்கவில்லை. நானாக இருந்தாலும் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

திரை வடிவமைக்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் ஒரு பாடம் உண்டு. திரையில் இருப்பதெல்லாம் புள்ளிகள். ஒரு அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி என்பது போனுக்குப் போன் மாறும். புதுப் போனில் நெருக்கியடித்து நிற்கும், பழையதில் விலகி நிற்கும். ஆகவே புள்ளியை எண்ணிப் பட்டன் வரையாதே, விரலை நினைத்து வரை என்பார்கள். அதை நான் ஒழுங்காகச் செய்திருந்தேன். என் பட்டன் எந்தப் போனிலும் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குறையாது. ஆனால் அந்தக் கட்டைவிரலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. சின்னத் திரையில் பெரிய எழுத்து வைத்தால் என்ன ஆகும் என்று தினேஷ் அன்றைக்கே கேட்டான். "இந்தக் காலத்துல அவ்வளவு சின்ன போன் யாருடா வச்சிருக்கா?" என்று அவன் வாயை அடைத்தது நான்தான்.

"மூணு வாரமா என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"எத்தனை பழம்னு போட்டு வச்சுட்டு, பட்டன் வருதான்னு பாத்துட்டு நிப்போமுங்க. சாயங்காலமா போயிருவோம்."

"ஆலைக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வந்துருமுங்களா?" என்றார். "ரோட்டக் கேட்டோம். கரண்டக் கேட்டோம். பஸ்ஸக் கேட்டோம். எல்லாம் கீழ வந்துட்டுத்தான் ஒசக்க வந்துச்சு. டவரு இன்னும் இந்த மரத்தத் தாண்டலீங்க. பட்டனும் அப்பிடித்தான்னு நெனச்சோம்."

அதில் குறையே இல்லை, நிலவரம் சொல்கிற குரல்தான். அட்டைகளைப் பைக்குள் வைத்தேன்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார். சாமைச் சோறு, பலாக்கொட்டை போட்ட குழம்பு. முருங்கைக்கீரை வேறு. மீன் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு குவியல் கிடந்தது, அழுகிய பலா. ஈ மொய்த்தது. வாசம் தலையைச் சுற்றியது.

"நாலு மரமுங்க எனக்கு" என்றார் குப்பாயி. "லாரி வரும் வரும்னு அறுத்து வச்சது இத்தனையும். மாடு எத்தனையத் திங்கும்? காட்டுப்பன்னி வேற மோப்பம் புடிச்சு வருது. ஊட்டுக்காரரு கேரளத்துல எஸ்டேட் வேலைக்குப் போயிட்டாரு, நா ஒருத்தி எத்தனையத் தூக்கறது? போன வாரம் மர ஏவாரி வந்து கேட்டாரு. ஒண்ண வெட்டிக்கக் குடுத்துட்டேன். மீதி மூணுக்கும் சனிக்கிழமை வாரேன்னு சொல்லியிருக்காரு. வெள்ளிக்கிழமை லாரி வந்துட்டா வேண்டாம்னுருவேன். வரலீன்னா வெட்டிக்கட்டும். காய்ச்சு அழுகறதுக்கு மரம் என்னத்துக்குங்க?"

மூன்று மரமும் வாசலிலிருந்தே தெரிந்தன. அடியிலிருந்து காய் தொங்கியது. நான் கை கழுவிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு ஓடினேன்.

புதன்கிழமை முழுக்கச் செம்மேட்டில்தான். லாட்ஜ் அறையில் டவர் நன்றாகக் கிடைத்தது. தினேஷைக் கூப்பிட்டேன்.

"நம்ம டெஸ்ட் போன்ல எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றான்.

"அந்த மூணு போனும் உன் மேஜைமேல இருக்கு. இங்க அஞ்சு போன் மரத்துல தொங்குது."

"மரத்துலயா?"

விளக்கிச் சொன்னேன். அவன் சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொன்னேன்" என்றான். "சொன்னே. தப்பு என்னோடதுதான். இப்ப வேலையைப் பாரு" என்றேன். அவனிடம் இப்படி ஒத்துக்கொண்டது ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

முதலில் பலாப்பழப் படத்தைத் தூக்கினேன். சுளையின் மஞ்சளுக்காக இரண்டு நாள் மெனக்கெட்ட படம். போகட்டும். வணக்கத்தையும் தூக்கினேன், பழம் ஏற்றப் போகிறவருக்கு எதற்கு வணக்கம்? பட்டனைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோய், என்ன ஆனாலும் நகராதபடி கட்டிவைக்கச் சொன்னேன். எழுத்து பெரிதானால் பட்டனும் உயரட்டும், மற்றதெல்லாம் கீழே போகட்டும். தடவவே தெரியாத ஒருவர், குத்தியே வேலையை முடிக்கவேண்டும். மத்தியானத்துக்குள் தினேஷ் ஒரு மாதிரியை அனுப்பினான்.

அதை எங்கே சோதிப்பது? கீழே டீக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் தன் போனைக் கொடுத்தார். டீ குடிக்க வந்த லாரி டிரைவர் கொடுத்தார். மிளகு வாங்க வந்தவரும் அன்னாசி விற்கிறவரும் இன்னும் நாலு பேரும் கொடுத்தார்கள். பெஞ்சின்மேல் எட்டுப் போன்களை வரிசையாக வைத்தேன். ஒன்று நீளம், ஒன்று அகலம். ஒன்றில் திரை கீறல் விழுந்து ஒரு மூலை வேலை செய்யவில்லை. சிலதில் எழுத்து எறும்பு, சிலதில் யானை. எட்டில் இரண்டுகூட ஒன்றுபோல இல்லை. என் மேஜையில் உட்கார்ந்து 'எல்லாருக்கும்' என்று நான் வரைந்துகொண்டிருந்த அந்த எல்லாரும் இவர்கள்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

மூன்று போனில் பட்டன் ஓரம் வெட்டுப்பட்டது. சொன்னேன், தினேஷ் திருத்தினான். ஒன்றில் எண் மறைந்தது. அதையும் திருத்தினான். மாலை டீ நேரத்துக்குள் எட்டிலும் பட்டன் முழுதாக நின்றது. அன்னாசிக்காரர், "எம்பட போனுக்கும் லாரி வருமுங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பழத்தை அறுத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

வியாழக்கிழமை முதல் பஸ். கண்டக்டர், செவ்வாய்க்கிழமை பலாப்பழத்தை மறித்த அதே ஆள். கவர் கேட்டேன், "இந்த ரோட்டுக்கு வேண்டியதில்லீங்க" என்று சிரித்தார். பத்து மணிக்கு மரத்தடியில் இருந்தேன். முந்தின நாள் நான் போனில் சொன்னபடி, குப்பாயி மற்ற வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். ஐந்து போனில் இரண்டின் சொந்தக்காரர்கள் பழம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். மீதி மூன்று. பழனிவேல் கேட்டதும் மூன்று. ஒன்று தவறினாலும் நிறுத்தம் போய்விடும்.

புதுச் செயலியை என் போனில் கொண்டுவந்திருந்தேன். டவரை நம்பாமல் போனிலிருந்து போனுக்கு நேராக அனுப்பினேன். முதல் இரண்டும் பத்து நிமிஷத்தில் முடிந்தன. கவருக்குள் திரும்பப் போட்டு ஆணியில் மாட்டினோம். உச்சியில் பச்சைப் பட்டன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை உயர்த்தி, எண்ணிக்கையைப் போட்டுவிட்டுப் பட்டனைக் குத்தினார்கள். 'அனுப்பியாயிற்று' என்று வந்தது.

மூன்றாவது குப்பாயியுடையது. அது முரண்டு பிடித்தது. 'இடம் இல்லை' என்றது. உள்ளே திறந்து பார்த்தால் காலை வணக்கம், இனிய மாலை, ரோஜாப்பூ, விளக்கு, குழந்தை சிரிப்பது என்று நூற்றுக்கணக்கில் படங்கள். "எங்க கொழுந்தன் திருப்பூர்ல இருந்து தெனமும் அனுப்புவானுங்க" என்றார். அழிக்கட்டுமா என்று கேட்டேன். "அழிச்சா அவனுக்குத் தெரியுமுங்களா?" தெரியாது என்றேன். "அப்ப அழியுங்க. நானே சடைஞ்சு போயிட்டேன்" என்றார் குரலைத் தாழ்த்தி.

அழித்து முடித்துச் செயலியை ஏற்றியபோது பதினொன்றே முக்கால். அதற்குள் மேட்டிலிருந்து பனி இறங்கிவிட்டது. எதிரே ரோடு தெரியவில்லை. குப்பாயி பட்டனைக் குத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டவர்க் கோடு ஒன்று வந்தது, போனது. பதினொன்று ஐம்பத்து இரண்டு. நான் பழனிவேலைக் கூப்பிட்டுப் பார்த்தேன், என் போனுக்கும் லைன் இல்லை. "கவரு ஈரமா இருக்குது" என்று குப்பாயி முந்தானையால் துடைத்தார்.

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது வட்டம் நின்றது. 'அனுப்பியாயிற்று'. கொஞ்ச நேரத்தில் மரத்தில் குப்பாயியின் போன் மணி அடித்தது. பழனிவேல்தான். "ஏனுங்க, மூணு வந்துருச்சுங்க! நாளைக்கு வண்டி வருது, காலையில பழத்த ரோட்டுக்குக் கொண்டாந்துருங்க" என்று அவர் கத்தியது கவருக்குள்ளிருந்து எல்லோருக்கும் கேட்டது.

குப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். பலாப்பால் என் விரலிலும் ஒட்டியது. "நீங்க வந்துதாங்க அம்மிணி பட்டன் வந்துச்சு. மகராசியா இருக்கோணும்" என்றார். மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் சிரித்தேன். அன்றைக்கு ஒரு படி மிளகும் ஒரு பாட்டில் தேனும் பையில் ஏறிவிட்டன. செம்மேடு போகிற பஸ்ஸில் அந்தப் பை மடியில் கனத்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கீழே இறங்கியிருக்கலாம். என் வேலை முடிந்துவிட்டது. ஆனால் லாரியைக் கண்ணால் பார்க்காமல் போக மனசில்லை. மறுபடியும் அந்த வளைவுக்குப் போனேன். மூன்று வீட்டுப் பழமும் ரோட்டோரம் குவிந்திருந்தது. பத்தரைக்கு லாரி வந்தது. டிரைவர் இறங்கி, பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல சரக்குங்க, இத்தனை நாளா என்னத்துக்கு அனுப்பல?" என்றார். "பட்டன் நேத்துத்தாங்க வந்துச்சு" என்றார் குப்பாயி. டிரைவர் அதைக் காதில் வாங்காமல் பின்கதவைத் திறக்கப் போனார்.

எனக்கு அங்கே பொறுக்கவில்லை. மகராசிப் பட்டமும் தேனும் வாங்கிக்கொண்டு, அந்தப் பேச்சையும் அப்படியே விட்டுவிட்டுப் போனால் அது திருட்டு. பழத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கியபோது சொன்னேன்.

"குப்பாயிக்கா, பட்டன் நேத்து வரலை. முதல்லேர்ந்தே உங்க போன்ல இருந்துச்சு. திரைக்குக் கீழ மறைஞ்சிருந்துச்சு. நான்தான் அதைத் தப்பான இடத்துல வச்சுட்டேன். என் தப்பு."

அவர் பழத்தை லாரித் தட்டில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரமும் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுக்கா."

"மர ஏவாரி வந்த அன்னிக்கும்?"

"ஆமாங்க."

நான்காவது மரம் நின்ற இடத்தை அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அழப் போகிறவர்போல முகம் மாறியது, ஆனால் அழுகை வரவில்லை.

"ஒசக்க எல்லாம் லேட்டாத்தான் வரும்னு மனசத் தேத்திட்டிருந்தேன்" என்றார். "இத நீங்க சொல்லாமயே போயிருக்கலாமுங்க அம்மிணி."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். குனிந்து அடுத்த பழத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான் பிடித்தேன். மீதிப் பழங்களையும் இரண்டு பேருமாக ஏற்றினோம்.